நீங்கள் தூங்காமல் கேட்ட பிரசங்கம்

என் அன்பு அப்பா,

வரும் ஞாயிறு நான் பிரசங்க மேடையில் நிற்கப் போகிறேன். சிரிக்காதீர்கள். வியாழக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாஸ்டருக்கு அறுவை சிகிச்சை. அவருக்குப் பதில் யார் பேசுவது என்று அங்கத்தினர் கூட்டத்தில் கேட்டார்கள். நம் பாப்டிஸ்ட் சபையில் ஆள் அனுப்பப் பிஷப் கிடையாதே, எல்லாம் கை தூக்கித்தான். யாரோ என் பெயரைச் சொன்னார்கள். “பொம்பளப் பிள்ளையா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆனாலும் கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது உங்கள் லோரி முதலாளியின் கை.

அவர் இப்போதும் சபை நிர்வாகத்தில் டீக்கன்தான். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். “அப்பாவ பத்தி நல்லதா நாலு வார்த்த பேசுமா. எல்லாரும் அழணும். எழுதினத எனக்கு அனுப்பு, பாத்துடறேன்.”

சபையை அழவைப்பது பெரிய காரியமில்லை, அப்பா. கீபோர்ட் மெதுவாக வாசிக்கும்போது குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டால் போதும். அழுவார்கள், “இன்னைக்குச் செய்தி ஆசீர்வாதமா இருந்துச்சு” என்பார்கள், சபை மாடியிலிருந்து இறங்கி, கீழே டயர் கடை வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். நீங்கள் அதற்கெல்லாம் கண் திறந்ததே இல்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து நேராக வந்து குறட்டைதான். “டேவிட் முழிச்சிருந்தா என் பிரசங்கம் பாஸ் லா” என்று பாஸ்டரே கிண்டல் செய்வார்.

ஒரே ஒருமுறை கடைசிவரை விழித்திருந்தீர்கள். அன்று பாஸ்டர் எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டார். மகனுக்கு வலிப்பு வந்தபோது ஜெபிக்க வாய் வரவில்லை, கடவுள் மேலேயே பயமாக இருந்தது என்றார். யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு ஓர் ஆன்டி எழுந்து தன் பயத்தைச் சொன்னார். அடுத்து இன்னொருவர். ஆராதனை முடிந்தும் யாரும் படி இறங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது நீங்கள் சொன்னீர்கள்: “இன்னைக்குத்தான் இந்த மனுஷன் நம்மள்ல ஒருத்தர் மாதிரி பேசினாரு.”

உள்ளதைச் சொல்லி அவர் முதலில் மாட்டிக்கொண்டார். அதனால்தான் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. இல்லையா?

நான் எடுத்திருப்பது, களைத்துப்போய்ச் சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட தீர்க்கதரிசியின் கதை. கடவுள் அவரைத் திட்டவில்லை. தூங்கவிட்டார், சாப்பாடு கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். உங்களை யார் தூங்கவிட்டார்கள்? ஜொகூரிலிருந்து வந்து குளிக்கக்கூட இல்லை, மேரு ஊரில் சரக்கு ஏற்றச் சொல்லி போன் வந்தது. அந்த டிரிப்பில்தான் கண் அசந்து லோரி கவிழ்ந்தது. துக்க வீட்டில் எல்லாரும் ‘கர்த்தர் அழைத்துக்கொண்டார்’ என்றார்கள். கர்த்தர் அழைக்கவில்லை, அப்பா. ஆபீஸிலிருந்துதான் அழைத்தார்கள்.

இன்னொரு செய்தி. இதை எப்படிச் சொல்வது? தம்பியும் உங்கள் முதலாளியிடமே லோரி ஓட்டப் போய்விட்டான்.

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவன், ரசச் சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிவிட்டான். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. அதன் பிறகும் விரலை எடுக்க முடியவில்லை.

விழித்தவனிடம், உங்களைத் தூங்கவிடாததைப் பிரசங்கத்தில் சொல்லப்போகிறேன் என்றேன்.

“உனக்கென்ன பைத்தியமா க்கா? நாளைக்கே எனக்கு டிரிப் இல்லன்னுடுவாரு.”

“பேசாம இருந்தா?”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். “பயமா இருக்கு க்கா,” என்றான். “வளைவுல கண்ணு தானா மூடுது.” இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பேசாதே என்று அதன் பிறகு சொல்லவுமில்லை.

அவன் வேலை போனால்? சபை எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனால்? டீக்கன் அங்கிள் நல்லவர் என்று எல்லாரும் எழுந்து சொன்னால் நான் எங்கே போய் நிற்பேன்? ஒன்றும் தெரியவில்லை. மேடையில் தைரியம் போனால் அழவைக்கிற பேச்சைப் பேசிவிட்டு இறங்கிவிடுவேன் என்பது மட்டும் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை இப்போதே சபை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். டீக்கன் அங்கிள், நீங்கள் பார்க்கக் கேட்டது இதுதான்.

அப்பா, உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிறு அன்று எனக்குப் பயமாக இருக்கிறது என்றுதான் தொடங்குவேன். பிறகு, சபையில் இருக்கும் லோரிக்கார அண்ணன்மாரைப் பார்த்து, உங்களுக்கும்தானே என்று கேட்பேன். யாராவது ஒருவர் வாய் திறக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

லோரிக்கார டேவிட்டின் மகள்,
இன்னும் லோரி ஓட்டுகிற ஒருவனின் அக்கா,
எஸ்தர்