வாசலில் எழுதிய பெயர்

அன்புள்ள அம்மா,

மாதா காவலில் நான் நியூயோர்க்கில் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

"வாசலக் கழுவாம வேலைக்குப் போகாத" என்பீர்களே, நேற்றும் கழுவினேன். அங்கே சோக்கால் எழுதியிருந்த ஒரு பெயர் அழிந்துவிட்டது. எழுதிய கிழவி அழுதாள். 1911இல் நேற்றைய அதே நாளில் இந்த ஊரில் ஒரு தையல் ஆலை எரிந்ததாம். கதவு பூட்டியிருந்ததால் பெண்கள் சன்னலால் குதித்துச் செத்தார்களாம். வருடந்தோறும் அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில் பெயர் எழுதுவார்களாம். எங்கள் கட்டடத்தில் இருந்தவள் என் வயதுக்காரி. சோக்கை வாங்கி நானே திரும்ப எழுதினேன்.

அவளுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். மிளகாய்த்தூள் அனுப்புங்கள், இங்கே எதிலும் காரமில்லை.

வேலைக்கு ஓடவேண்டும். எங்கள் தையல் ஆலையில் காலையில் பூட்டும் கதவை மாலையில்தான் திறப்பார்கள். பயப்படாதீங்க அம்மா, என் மெஷின் சன்னலோரந்தான்.

உங்கள் மகள்,
பிரின்ஸி