ஜெனிபர் போடாத கையெழுத்து

செவ்வாய், 11.9.2012

ஜெபிக்க வேண்டிய நேரத்தில் எழுதுகிறேன், மன்னியும் ஆண்டவரே.

என் அறைத்தோழி ஜெனிபர் கம்பெனி பஸ்ஸில் கொடுத்த நோட்டீஸில் 'கல்லைக் கும்பிடாதே' என்றிருந்தது. எங்களோடு வேலை செய்யும், முருகன் கோயில் ஊரான வல்லக்கோட்டையின் கஸ்தூரி அக்கா அழுதுவிட்டார். "எங்க முருகரு உனுக்குக் கல்லாடி?"

இனி நோட்டீஸ் கொடுக்கமாட்டேன், சாமியைப் பற்றிப் பேசமாட்டேன் என்று ஜெனிபர் எழுதித் தராவிட்டால், மதத்தை இழிவுபடுத்தியதாகப் போலீஸில் புகார் என்றார் சூப்பர்வைசர். வேலையும் போய்விடும். நான் பட்டதாரி என்று அந்தக் கடிதத்தை என்னை எழுதவைத்தார்.

"அக்கா மனசு நொந்ததுக்கு மன்னிப்பு கேக்கேன் சார். சாமியப் பத்திப் பேசமாட்டேன்னு கையெழுத்து போடமாட்டேன்" என்றாள் ஜெனிபர்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, நீயும் அந்த சர்ச்தானா?"

"இல்ல சார்" என்றேன். ஞாயிறுதோறும் அவள் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.

இப்போது அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்தைப் பார்க்கவே பொறாமையாக இருக்கிறது. நாளைக் காலைவரை கெடு.

ஆண்டவரே, அவள் கையெழுத்துப் போட்டுவிடட்டும். அவளுக்காகக் கேட்கவில்லை.