வயலுக்கு ஒரே பெயர்

ஒக்டோபர் 9, திங்கள்

மழை இல்லை. அக்கராயன் குளத்துக்கு மேலே மேகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. விதை நெல் முழுக்கப் புழுதிக்குள். இப்படியே போனால் புறாவுக்குத்தான் விதைத்திருக்கிறோம்.

இது தம்பியின் பழைய அப்பியாசக் கொப்பி. முன்னால் அவனுடைய கேத்திர கணிதம், பின்னால் நான். பக்கத்து வீட்டு ரேடியோவில், மாதர் நிகழ்ச்சியில், ஓர் அம்மா சொன்னார்: தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதுங்கள், மனம் தெளியும், வாழ்க்கைக்கு ஒரு குறிக்கோள் வரும். எங்கள் அம்மா சொல்வது வேறு: நான் தொட்டது ஒன்றையும் முடிப்பதில்லை. சரிதான். பாதி தைத்த சட்டை. பாதி இழைத்த பனையோலைக் கடகம். பாதியில் விட்ட எஸ்.எஸ்.சி. படிப்பு.

ஆகவே இது. நேரம்: மாடு கட்டியபின், விளக்கு ஏற்றுமுன். கேள்வி மூன்று. என்ன செய்தேன், என்ன செய்யவில்லை, நாளை என்ன.

செய்தது: எங்கள் பங்கு வாய்க்காலில் பாதி துப்புரவு. செய்யாதது: மற்றப் பாதி. நாளை: கோழிக்கூட்டுக் கதவு.

ஒக். 10, செவ்வாய்

கோழிக்கூட்டுக் கதவு இல்லை. மலேரியாவுக்கு மருந்தடிக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். சட்டி பானை, பாய் தலையணை எல்லாம் முற்றத்தில். அம்மா அவர்களுக்குப் பின்னாலேயே திரிந்தார். "தம்பி, குசினிக்கை அடியாதை! சோத்திலை படும்!" பெடியன் சிரித்துக்கொண்டே அடித்தான்.

எனக்கு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. வாய்க்காலுக்குப் போனேன். மற்றப் பாதி முடிந்தது. அவரவர் பங்கை அவரவர் வெட்டாவிட்டால் தண்ணீர் இல்லை. ஐயாவுக்குத் தோள் வலி, மண்வெட்டி தூக்க ஏலாது. மேற்குத் துண்டு விதைத்ததும் நான்தான். பெண்பிள்ளை விதைக்கிறாள் என்று யாரும் கதைக்கக்கூடாதென்று பலாரென்று விடியுமுன் போய் விதைத்தேன். கதைத்தார்கள்தான்.

நாளை: கதவு.

ஒக். 11, புதன்

கதவு இல்லை. எழுதவும் ஒன்றுமில்லை. ரேடியோ அம்மா வீட்டில் மாடு இல்லைப் போலிருக்கிறது.

ஒக். 12, வியாழன்

எனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். வீட்டுக்குள் இருந்தது கொஞ்ச நேரம். பிறகு சப்பாத்தோடு வரம்பில் நடந்து வயல் பார்த்தார். புழுதியில் என்ன தெரியும்?

தேத்தண்ணி கொண்டுபோனபோது காதில் விழுந்தது:

"மகன் கடையிலை கணக்குப்பிள்ளை. இந்தக் காட்டுக்குள்ளை வந்து இருக்கேலாது. குத்தகைக்கு விட்டா ஆரும் எடுப்பினம்தானே?"

"ஓம் ஓம், எடுப்பினம்," என்றார் ஐயா. "சீதனமா அரைவாசி வயலை எழுதித் தாறன்."

அரைவாசி. எந்த அரைவாசி? மேற்கா, கிழக்கா? தட்டைக் கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன். அம்மா முறைத்தார்.

மாப்பிள்ளை நல்லவர் என்கிறார்கள். குடி இல்லை. இருக்கட்டும்.

ஒக். 13, வெள்ளி

வெயில். வாய்க்கால் பார்க்க நீர்ப்பாசனப் பகுதி ஓவசியர் சைக்கிளில் வந்தார். எங்கள் பங்கைப் பார்த்து, "வடிவா வெட்டியிருக்கு, கூலிக்கு ஆளை விட்டனீங்களோ?" என்றார். ஐயா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பிறகு ஐயா சீதனக் கதையை எடுத்தார். ஓவசியருக்குச் சிரிப்பு.

"அண்ணை, இது உங்கடை ஊர்த் தோட்டக்காணி இல்லை. அரசாங்கம் குடியேற்றத்துக்குத் தந்தது. துண்டு போட்டுப் பிரிக்கேலாது. உங்களுக்குப் பிறகு ஒரே ஒரு ஆள்தான். வாற வியாழன் காணி அதிகாரி கந்தோருக்கு வாறார், பத்திரத்திலை ஆற்றை பேரெண்டு யோசிச்சுக்கொண்டு வாங்கோ."

ஐயாவின் முகம் சுருங்கிவிட்டது. ஊரில் கிணற்றிலும் பங்கு, பனையிலும் பங்கு. பிரித்துப் பிரித்துக் கடைசியில் கால் வைக்க இடமில்லாமல்தானே இங்கே வந்தோம். இங்கேயும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்.

வீட்டில் அதே கதை.

அம்மா: "குமர்க் காரியம். பெட்டையின்ரை பேரைப் போடுங்கோ."

ஐயா: "முழுவதையும் மருமோனுக்குக் குடுத்திட்டுப் பெடியனைத் தெருவிலை விடுறதோ?"

அம்மா: "பெடியனுக்குப் போட்டா இந்தக் கலியாணம் நடக்குமோ?"

நான் அரிசி பொறுக்கிக்கொண்டு அங்கேயேதான் இருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஆத்திரம் வந்தது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அதுவும் தெரியவில்லை. அதனால் ஆத்திரம் இரட்டிப்பு.

ஒக். 14, சனி

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். கிளாக்கர் வேலைக்கான கிளறிக்கல் சோதனைக்குப் படிக்கிறான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்டேன்.

"உனக்கு இந்த வயல் வேணுமோடா?"

"எனக்கு உந்தச் சேறு வேண்டாம் அக்கா. கொழும்பிலை கதிரையிலை இருந்து வேலை செய்யப்போறன்."

"அப்ப அதை ஐயாவுக்குச் சொல்லு."

"ஐயோ, நான் மாட்டன். ஆம்பிளைப் பிள்ளை காணி வேண்டாமெண்டா அவர் தாங்கார். நீ சொல்லு."

கெட்டிக்காரன். வாய் என்னுடையது, பயம் அவனுடையது. பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

ஒக். 16, திங்கள்

நேற்று எழுதவில்லை. முறை குலைந்தது. மழையும் இல்லை.

குற்றத்துக்குத் தண்டனை மாதிரி இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு வரி, குடி இல்லை என்று. பெயர்கூட எழுதவில்லை. வாய்க்கால், புழுதி, மேற்குத் துண்டு, புறா — இவற்றுக்கோ எவ்வளவு! அரைவாசி என்றதும் எந்த அரைவாசி என்றுதான் கேட்டிருக்கிறேன்.

எழுந்து முற்றத்தில் நடந்தேன். திரும்பி வந்து இருந்தேன். மறுபடி எழுந்தேன். அம்மா, "என்னடி, எறும்பு கடிக்குதோ?"

எனக்கு வயல்தான் வேண்டும். குத்தகைக்காரனிடம் விட அல்ல. நானே செய்ய. முழுவதும்.

எழுதிவிட்டேன். ரேடியோ அம்மா சொன்ன குறிக்கோள் இதுதான் போல. வரும்போது இவ்வளவு பயத்தோடு வருமென்று அவர் சொல்லவில்லை.

நாளை: ஐயாவிடம் சொல்வது.

ஒக். 17, செவ்வாய்

சொல்லவில்லை. வாய்ப்பு இருந்தது. ஐயா வரம்பில் தனியாக இருந்தார்.

"ஐயா."

"என்ன?"

"...வெத்திலை கிடக்கோ?"

"நீ எப்பேலையிருந்து வெத்திலை போடுறாய்?"

வெட்கக்கேடு. கோழிக்கூட்டுக் கதவு மட்டும் செய்து முடித்தேன், கோபத்தில்.

ஒக். 18, புதன்

சொல்லவில்லை. அம்மா பக்கத்திலேயே. கலியாணக் கூறைச் சேலை என்ன நிறம் என்று கதை. எந்த நிறமும் சரி என்றேன். அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோசம். பார்க்கப் பாவமாக இருந்தது. இவரை அழவைத்துத்தான் நான் வயல் எடுக்க வேண்டுமா?

ஐயா: "நாகேஸ், நாளைக்குக் கந்தோருக்கு நீயும் வா. பத்திரத்தை வாசிச்சுச் சொல்ல ஆள் வேணும்."

யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒக். 19, வியாழன்

அம்மா என்னோடு கதைக்கவில்லை. சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "இனி உன்னை ஆரடி கட்டுவான்?" என்றார். அது ஒன்றுதான். தெரியாது என்றேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன்.

கந்தோரில் நல்ல சனம். எங்கள் முறை வந்தது. அதிகாரி நிமிராமலே கேட்டார்.

"உமக்குப் பிறகு ஆர்?"

"என்ரை மோன்," என்று ஐயா தொடங்கினார்.

"ஐயா, என்ரை பேரைப் போடுங்கோ."

என் குரல்தான். ஐயாவுக்குச் சொன்னது கந்தோர் முழுக்கக் கேட்டிருக்கும். ஐயா என் பக்கம் குனிந்தார்.

"சீதனத்துக்கோ?"

"இல்லை. அந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம். வயலை நான் செய்யிறன். தம்பிக்கு வேண்டாமாம், அவனைக் கேட்டுப்பாருங்கோ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஐயா அடிப்பார் என்றே நினைத்தேன், அவ்வளவு பேருக்கு முன்னால். தோளைத் தடவிக்கொண்டு நின்றார்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "பெரியவர், பொம்பிளைப் பிள்ளைக்கு எழுதினா நாளைக்குக் காணி பாழாப் போகும். உம்மடை வயலைச் செய்ய வேறை ஆர் இருக்கினம்?"

ஐயா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார்:

"இவள்தான் செய்யிறாள் ஐயா. நான் வரம்பிலை இருக்கிறன்."