அப்பா கைதவறிப் போட்டவை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று நீ அனுப்பிய போட்டோவே சொல்லிவிட்டது. உனக்குப் பின்னால் நிற்கிற புது கார் யாருடையது? பாட்டில் தொழிற்சாலையில் அவ்வளவு சம்பளமா தருகிறார்கள்? "ரோட்டுல நின்ன வண்டி முன்னாடி நின்னு எடுத்திருப்பான். உன் சந்தேகத்துக்கு ஒரு அளவே இல்லையா?" என்கிறார் உன் மாமா. தராசில் விரல் வைக்கிறவனைக்கூட நல்லவன் என்று சொல்கிற மனிதர் அவர்.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உலையை அணைத்துக் கண்ணாடிப் பட்டறையைப் பூட்டிய பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வருகிற வண்டிகளைத் திட்டுவதுதான் அவருக்கு வேலை.

விஷயத்துக்கு வருகிறேன். கடைத்தெருவில் பழம்பொருள் விற்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். விரலுக்கு ஒரு மோதிரம், பேச்சில் தேன் ஒழுகுகிறது. அப்பா இளவயதில் செய்த கண்ணாடிச் சரவிளக்கு ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறதாம். செய்தவரே பார்த்து, தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தால்தான் வாங்குகிறவர் வாங்குவாராம். "போலின்னு தெரிஞ்சா, எனக்கு வித்தவன உள்ள தள்ளாம விடமாட்டேம்மா" என்றார். விற்றவர் யார் என்று கேட்டேன். "தரகர் மூலமா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பதில் மும்முரமாகிவிட்டார். எனக்கு அப்போதே உறுத்தியது.

அப்பாவோடு நானும் கடைக்குப் போனேன். விளக்கு அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மூன்று அடுக்கு, தேன் நிறத்தில் நீளமான கண்ணாடித் துளிகள். ஆனால் பித்தளைச் சட்டம் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கறுத்திருந்தது. நாற்பது வருஷம் தொங்கிய சாமான், மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் அல்லவா கறுக்கும்? ஏதோ அமிலம் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடி குழைவாக இருக்கும்போதே அப்பா அதன் நுனியை இடுக்கியால் பிடித்து ஒரு திருகு திருகுவார். அவர் இடதுகைக்காரர் என்பதால் துளியில் ஓடும் முறுக்கு இடப்பக்கம் சாயும். எல்லாத் துளியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று வலதுகைக்காரனான உன்னையும் இடக்கையால் திருகச் சொல்லித்தானே உயிரை எடுத்தார்? "என் கையை எனக்கு விடுங்கப்பா" என்று கத்திவிட்டு நீ வெளியே போனது எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு உங்கள் இருவருக்கும் பேச்சே இல்லை.

அன்று அப்பா அந்த முழங்காலோடு ஏணியில் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். முறுக்கெல்லாம் இடப்பக்கம்தான் ஓடியது. மேல் அடுக்கில், உள்வரிசையில் மட்டும் நாலு துளிகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. செய்தவன் கொஞ்சம் அசந்திருக்கிறான், கை தன் வழக்கத்துக்குப் போய்விட்டது. என் கண்ணுக்கே பட்டது அவர் கண்ணுக்குப் படாமலா போகும்?

"தூசியா இருக்கு, வெளிச்சத்துல பாக்கணும்" என்று சொல்லி, சரியாக அந்த நாலை மட்டும் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டு இறங்கினார். வாசல் பக்கம் நாலடி நடந்தார். தட்டு அப்படியே தரையில் விழுந்தது. கடைக்காரர் அலறிவிட்டார். அப்பா நிதானமாக, "வயசாயிடுச்சுங்க. நாலையும் நானே பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். பிறகு மேஜையில் உட்கார்ந்து, இது நான் செய்ததுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா கையிலிருந்து ஒரு கண்ணாடி விழுந்து நீ பார்த்ததுண்டா, தம்பி?

முதலில் அவரையே சந்தேகப்பட்டேன். கடைக்காரர் ஏதாவது கொடுத்திருப்பாரோ என்று வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையைக்கூடத் துழாவினேன். மூக்குக் கண்ணாடிதான் இருந்தது. சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, "மேல் அடுக்கு நல்லா வந்திருக்கு" என்றார். தான் செய்த எதையும் அவர் இதுவரை நல்லா வந்திருக்கு என்று சொன்னதில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் தன் பெயரில் வெளியே போகக்கூடாது என்று போட்டு உடைத்த மனிதர் அவர். அந்தப் பெயரை எடுத்து உனக்குக் குடையாகப் பிடித்துவிட்டார். எனக்குக் கோபம் ஆறவில்லை. நீ எதிரில் இருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். இதற்குப் பதில் எழுதாதே. எழுத்தில் எதுவும் வேண்டாம். இதையும் படித்ததும் கிழித்துப் போடு. இனி அவர் பெயரில் இன்னொரு விளக்கு எந்தக் கடைக்காவது வந்தால், நானே போய்ப் போலி என்று சொல்லுவேன். தம்பி என்றும் பார்க்க மாட்டேன்.

அப்பா உலையை மூட்டி அந்த நாலு துளிகளையும் செய்து முடித்தார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளக்கு விற்றுப் போயிற்று. உன்னைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

ஆனால் உலை இன்னும் எரிகிறது. யாரும் வேலை கொடுக்கவில்லை. அணைக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். நேற்று பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். நீ உட்காரும் பெஞ்சைத் துடைத்து, இடுக்கியை வலதுகைப் பக்கம் எடுத்து வைத்திருக்கிறார்.

அவர் வாயால் கூப்பிட மாட்டார். நான் கூப்பிடுகிறேன், வந்துவிடு.

எங்கிருந்தாலும் நல்லபடியாக இரு என்று வாழ்த்தும்,
உன் அக்கா