குறட்டைத் தூதர்

என் குறட்டைக்குப் பயந்து பக்கத்து அறைக்குக் குடிபோனவளுக்கு,

போர் நின்றிருக்கிறது! நிறுத்தியது என் குறட்டை. சிரிக்காதே, தளபதியே கைகுலுக்கினார்.

நேற்று எதிரி விண்கப்பல்கள் எங்களைச் சூழ்ந்து நின்றபோது, ரேடியோ பணியில் இருந்த நான் மைக்கை அணைக்காமல் தூங்கிவிட்டேன். அந்த வேற்றுக்கிரகத்தார் உறக்கமே அறியாதவர்கள். உறங்குகிறவன் கடவுளோடு பேசுகிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. என் குறட்டை கேட்டதும் பீரங்கிகளைத் தாழ்த்திவிட்டு மண்டியிட்டார்களாம்.

"யோவ், உன்னைச் சுட்டுத் தள்ளணும்னு இருந்தேன். இப்ப தூதரா அனுப்பச் சொல்றானுங்க" என்றார் தளபதி.

நாளை அவர்கள் கப்பலுக்குத் தனியாகப் போகிறேன். அங்கே உள்ள கோயிலில் அத்தனை பேர் முன்னாலும் தூங்க வேண்டும். தூங்கினால் சமாதானம். தூங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. படுக்கை மெத்தென்று இருக்குமாம்.

ஒரே சிக்கல், சந்தோஷத்தில் கண் மூடவே மாட்டேன் என்கிறது. நீ திட்டத் திட்டத்தானே எனக்குத் தூக்கம் வரும்? உடனே திட்டிப் பதிவு செய்து அனுப்பு. கட்டிலில் போட்ட ஈரத்துண்டிலிருந்து ஆரம்பி. "எப்பதான் வீட்டுக்கு வரப்போறீங்க?" என்று கத்துவாயே, அதைக் கடைசியில் வை. எழுந்ததும் பதில் சொல்ல வேண்டும்.

உன் தூங்குமூஞ்சி