கணுக்காலில் நின்ற தண்ணீர்

டிசம்பர் 3

நஸீபா மிஸ் இன்று வகையீட்டுச் சமன்பாடு தொடங்கினார். பகுதிகளாகத் தொகையிடலே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "இது தொகையிடல் இல்ல, தொல்லையிடல்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. மிஸ் மட்டும், "டிலக்சன், பலகைக்கு வாங்க" என்றார்.

டிசம்பர் 5

முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை வெட்டிவிட்டார்கள். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடுகிறது. எங்கள் வயல் வட்டையில் விதைத்ததெல்லாம் வெள்ளத்தில் அழுகிவிட்டது. மறுகா விதைக்க வேண்டும், இருப்பதோ கடைசி விதைநெல். அதை எப்போது ஊறப்போடுவது என்பதுதான் அப்பாவின் யோசனை. முளை கட்டிய நெல் நமக்காகக் காத்திராது. வயல் வடியப் பிந்தினால் முளை நீண்டு பின்னி, எல்லாம் பழுது.

வயலில் ஒரு கம்பு நட்டு, தண்ணீர் நிற்கும் அளவை அடையாளம் போட்டேன்.

டிசம்பர் 7

இரண்டே நாளில் தண்ணீர் பாதி! மிஸ் சொன்னதேதான்: குறையும் வேகம், இருக்கும் ஆழத்துக்கு விகிதசமம். மாறிகளைப் பிரித்தேன், இரு பக்கமும் தொகையிட்டேன், வழமையாக மறக்கிற மாறிலியைக்கூட எழுதினேன்.

"பதின்மூண்டாம் திகதி விதைக்கலாம் அப்பா."

"பகிடியோ மனே?"

"இல்லப்பா. கணக்கு."

டிசம்பர் 10

அப்பா நெல்லை ஊறப்போட்டார், மூன்று நாளில் முளை கட்டும். என் சொல்லைக் கேட்டு!

டிசம்பர் 12

தண்ணீர் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. நேற்றும் அதே அளவு. ஏன்?

டிசம்பர் 13

வலையிறவுப் பாலத்தில் பஸ் நின்றபோது கீழே பார்த்தேன். போன கிழமை கடல்பக்கம் மிதந்து ஓடிய ஆற்றுவாழைச் செடிகள் அசையாமல் கிடக்கின்றன. பறுவ நிலா முழுசாக வருகுது, கடல் ஏறி நிக்குது, வாவியும் நிக்குது. பிறகு எங்கட வயல் மட்டும் எங்க வடியும்? நான் பூச்சியம் வரைக்கும் வத்தும் எண்டெல்லோ எழுதினன்! y இல்லை, y − a. ஒரு சின்ன a, வாவி நிக்கிற மட்டம்.

முளைநெல் சாக்குக்குள் கையை விட்டால் சுடுகிறது. அப்பா சூடு தணியச் சாக்கில் தண்ணீர் தெளித்தார். ஏசியிருந்தால் நல்லம்.

டிசம்பர் 14

என்னோடு படிக்கும் நிதுர்ஷனின் வயல் மேட்டில். அங்கே தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் அவர்கள் இன்னும் நெல் ஊறப்போடவில்லை. எங்கள் முளைநெல்லை அங்கே விதைக்கலாமா என்று காலையிலேயே போய்க் கேட்டேன்.

"போடா! பாலத்தடியில முதலை எண்டு என்னைச் சேத்துக்குள்ள ஓட விட்டவன்தானே நீ?"

வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். கையை விரித்துக் காட்டினேன். ஒரு பிடி முளைநெல், ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தான்.

"டேய்... இது இண்டைக்கே போடணும்டா."

பின்னேரத்துக்குள் இரண்டு வீட்டாருமாக அவர்களின் வயலில் விதைத்து முடித்தோம். பதிலுக்கு அவர்களின் காய்ந்த விதைநெல் எங்கள் வீட்டுக்கு வந்தது.

டிசம்பர் 16

மிஸ் சின்னப் பரீட்சை வைத்தார். தொட்டியில் வடியும் நீர் பற்றி ஒரு கேள்வி. முதலில் எதுவரைக்கும் வடியும் என்று பார்த்தேன்.

டிசம்பர் 18

தண்ணீர் திரும்ப இறங்கத் தொடங்கியிருக்கிறது. அப்பா சாக்கின் கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப ஊறப்போடுவம் மனே?"

"இன்னும் தெரியாதப்பா. ரெண்டு நாள் அளந்துபோட்டுச் சொல்றன்."

பகிடியோ என்று கேட்கவில்லை. சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினார்.