ஞாயிறு மத்தியானம் உங்களுடையது, மதினி

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. டிஷ் இன்னும் கூரை மேலேதான் இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இருந்திருந்தால் நீங்களும் முதலில் இதைத்தான் கேட்டிருப்பீர்கள், என் முழங்கால் வலியை அதற்குப் பிறகுதான் விசாரித்திருப்பீர்கள்.

போன ஞாயிறு கேபிள்காரர் வந்தார். அதே ஆள்தான். தோளில் கம்பிச் சுருள், கையில் ரசீதுப் புத்தகம். நீங்கள் இல்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் பன்னிரண்டு வீட்டு லயத்துப் பக்கம் தலைகாட்டியிருப்பாரா?

அவர் நம் கம்பியை வெட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழை விடாமல் கொட்டிய மாதம் அது. தேயிலையில் கொழுந்து இல்லை, கிலோ நிறையவில்லை, முழுநாள் மலையில் நின்றவர்களுக்கும் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான் விழுந்தது. கேபிளுக்கோ மாதம் இரண்டு நாள் பேர் போய்விடும். மூன்று வீட்டில் கட்ட முடியவில்லை. அவர் பன்னிரண்டு வீட்டுக் கம்பியையும் சேர்த்து வெட்டிவிட்டார்.

"மூணு வீடு கட்டலன்னா பன்னெண்டு வீட்டையும் வெட்டுவியா?" என்று கொழுந்துக் கூடையை இறக்காமலே நீங்கள் கேட்டீர்கள்.

"கேபிள் இல்லாம எங்கம்மா போவீங்க?" என்றார் அவர்.

"எங்கயும் போக மாட்டோம். மேல பாக்கப் போறோம்" என்று வானத்தைக் காட்டினீர்கள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "விடுங்க மதினி, அந்த மூணு வீட்டுக்கும் என் பென்ஷன்ல கட்டிடுறேன்" என்றேன். நல்லது செய்வதாக நினைப்பு. நீங்கள் என்னை முறைத்தீர்கள். "நீ இந்த மாசம் கட்டுவ. அடுத்த மாசமும் அவன் கையிலதானே கத்தி இருக்கும்?" என்றீர்கள். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு இந்தச் சின்ன விஷயம் புரியவில்லை.

பன்னிரண்டு வீடும் பணம் போட்டு, ஹட்டனில் பழைய டிஷ் ஒன்றைப் பேசி முடித்தீர்கள். கொழுந்து லொறியில் அது வந்து இறங்கியபோது, கம்பி வலையால் பின்னிய பெரிய கூடை போல இருந்தது. ஒருமுறை வாங்கினால் போதும், மாதாமாதம் யாருக்கும் அழ வேண்டாம். எல்லோருக்கும் சந்தோஷம். "டிஷ்ஷோட வந்த இந்த ஒரு பொட்டி பன்னெண்டு வீட்டுக்கும் போதுமா டீச்சரு?" என்று படித்தவள் என்பதற்காக என்னிடம்தான் கேட்டீர்கள். தாராளமாகப் போதும் என்றேன்.

முதல் நாள் சாயந்தரம் ஆறாம் வீட்டில், உங்கள் வீட்டில், பெட்டியை வைத்து எல்லா வீட்டுக்கும் கம்பி இழுத்தார்கள். நீங்கள் ரிமோட்டை அமுக்கியதும் பன்னிரண்டு வீட்டிலும் நாடகம் போய்ச் செய்தி வந்தது. "ஏய், யாருடி மாத்துனது?" என்று ஒரு வீடு. "நாங்க தொடவேயில்ல!" என்று இன்னொரு வீடு. ஒரு பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் வரும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

"ஏ டீச்சரு, புள்ளைங்களுக்கும் இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தியா?" என்று நீங்கள் கேட்க, லயமே சிரித்தது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் ஓர் உதாரணம் சொன்னேன். "நம்ம தண்ணி பீலிய நெனச்சுக்கங்க. ஒரே பீலியில ஒரே நேரத்துல சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் வருமா?" நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். "அப்ப பீலி மாதிரியே முறை வச்சுக்குவோம். தண்ணிக்கே வரிசையில நிக்கிறோம், இதுக்கு நிக்க மாட்டமா?"

அப்படித்தான் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வந்தது. அன்றைக்கு முறை உள்ளவர் வீடுகளைப் பிரிக்கும் சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளி வழியாகச் சத்தம் போடுவார், நீங்கள் மாற்றுவீர்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் கூலியாக ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரத்தை மட்டும் உங்களுக்கென்று கேட்டு வாங்கினீர்கள். எந்த நாடு, என்ன மொழி என்றே தெரியாத ஒரு சேனலில் பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடுவதைப் போட்டீர்கள். அதை எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ! எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஆடுகிற பெண் விழுந்தால் மட்டும் உங்களால் சும்மா இருக்க முடியாது. "எந்திரிடி என் ராசாத்தி!" என்று நீங்கள் கத்துவது கடைசி வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்கும். அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "நாம மலையில வழுக்கி விழுந்தா கங்காணி சிரிப்பாரு. இவ விழுந்துட்டு அவளே சிரிச்சிக்கிட்டு எந்திரிக்கிறா பாரு" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் மகள் செல்வி யாருக்கும் கொடுக்கவில்லை. பெட்டியை அணைத்துவிடுவாள். பன்னிரண்டு வீட்டிலும் வெறும் இரைச்சல் வரும். மூன்று மாதமாக யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன ஞாயிறும் அந்த நேரம் நெருங்கும்போதுதான் கேபிள்காரர் வந்தார். பீலிக்கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"டீச்சர், காலம் மாறிப் போச்சு. ஒரு ரிமோட்டுக்குப் பன்னெண்டு வீடு காத்துக் கெடக்கணுமா? மூணு மாசம் சும்மா தர்றேன். ஒரே கண்டிசன், எல்லா வீடும் சேரணும், கூரை மேல இருக்கிற அந்தக் கூடையக் கழட்டிடணும்."

மூன்றாம் வீட்டு ராமையா தலையைச் சொறிந்தார். "கேக்க நல்லாத்தான் இருக்கு டீச்சர். எனக்கு கிரிக்கெட்டு, எம் பொண்டாட்டிக்கு நாடகம். எங்க மொறை வர்ற நாளெல்லாம் வீட்டுல சண்டை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மதினி. நான்கைந்து தலைகள் ஆடின. நீங்கள் கட்டியது என் கண் முன்னால் கழன்றுவிடும் போல இருந்தது.

"நாலாவது மாசம் எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன்.

"அத அப்ப பேசிக்குவோம் டீச்சர்."

"டிஷ் கூரையில இருக்கும்போது பேசுறதா, கழட்டினப்புறம் பேசுறதா?"

அவருக்கு முகம் மாறிவிட்டது. "எல்லாத்துக்கும் அந்தப் பாக்கியம்மா மாதிரியே மல்லுக்கு நிக்கணுமா? அவங்கதான் போயிட்டாங்களே" என்றார்.

செல்வி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். சற்று நேரத்தில் பன்னிரண்டு வாசல் வழியாகவும் ஒரே இசை வந்தது. வயலினும் பியானோவும். உங்கள் பனிக்கட்டி.

"இது என்ன சேனல்?" என்றார் கேபிள்காரர்.

"உங்ககிட்ட வராது" என்று உள்ளேயிருந்து செல்வி சொன்னாள். "அத்தை, வந்து உக்காருங்க."

ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குள் போனார்கள். பீலிக்கரையில் நானும் அவரும் ராமையாவும்தான் மிச்சம். ராமையாவும் தன் வாசல் வரை போய், உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்து ஆடுகிற பெண் விழுந்திருக்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து "எந்திரிடி!" என்று சத்தம் வந்தது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ராமையாதான் எல்லோரையும் விட உரக்கக் கத்தினார்.

கேபிள்காரர் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்.

திரும்பவும் வருவார், தெரியும். அடுத்த மழைக்காலத்தில் நான்கு மாதம் சும்மா தருகிறேன் என்பார். அப்போது எத்தனை தலைகள் ஆடும்? எனக்குத் தெரியாது. பெட்டியும் பழையதாகிக்கொண்டு வருகிறது. டிஷ்ஷின் காலில் துரு ஏறியிருக்கிறது. நேற்று ராமையா ஏணி வைத்து ஏறி எண்ணெய் விட்டார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் ஏறினார்.

வரட்டும். நான் இந்த லயத்தில் இருக்கும் வரை அவருடைய நாலாவது மாதத்தை விடாமல் கேட்பேன். இந்த டிஷ்ஷை யாரும் இறக்க விடமாட்டேன். ஞாயிறு மத்தியானம் எவள் விழுந்தாலும், எந்த மொழிக்காரியாக இருந்தாலும், உங்கள் குரலுக்குக் குறையாமல் நானே கத்துவேன்.

இப்படிக்கு,
பெட்டிக் கணக்கைத் தப்பாகச் சொன்ன
உங்கள் நாத்தனார்